முடியும் என்றும் முடிந்தது என்றும்

பிப்ரவரி 3

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. நாற்பத்தோரு வருடத்துக்கு முன் உங்களிடம் ஐந்து வருடம் ஆங்கிலம் படித்தவள். பதினோராம் வகுப்பு, கடைசிக்கு முந்தைய பெஞ்சு. ஐந்து வருடமும் என் ரிப்போர்ட் கார்டில் நீங்கள் எழுதியது ஒன்றுதான்: ‘ஹார்ட் வொர்க்கிங்.’ மூளை இல்லை, முதுகு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் சொல்லிச் சிரிப்போம். இப்போது பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊர்ப்பட்ட வாய்களின் மாவு அச்சுகள் என் அலமாரியில் திறந்தபடி இருக்கின்றன. ஒன்றும் பேசாது. அது ஒரு நிம்மதி.

எழுதுவது என்னைப் பற்றி அல்ல, என் தங்கையைப் பற்றி. உங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். வீட்டில் அவளைப் பம்பரம் என்போம். ஓரிடத்தில் நின்று படிக்க மாட்டாள்.

போன மாதம் அம்மா இறந்துபோனாள். வீட்டை விற்பதற்காக ஒழித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் பெட்டியில் துணிகளுக்கு அடியில் பம்பரத்தின் ரிப்போர்ட் கார்டு இருந்தது. ஆங்கிலம் என்ற வரிசையில் உங்கள் கையெழுத்து: ‘கேப்பபிள் ஆஃப் எனிதிங்.’ அந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அட்டையைக் குத்திக்கொண்டு மறுபக்கம் வந்திருக்கிறது. உங்களை நாங்கள் முற்றுப்புள்ளி டீச்சர் என்றுதான் சொல்வோம். மன்னியுங்கள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த வரி அவருக்குப் படித்துச் சொல்லப்பட்டது. மறுநாளே அவள் பள்ளிக்கூடம் நின்றது. மாடி அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார். அத்தை இருக்கிற ஊருக்கு அனுப்பிவிட ஏற்பாடு நடந்தது. பதினோராவது வாரம் ஒரு மத்தியானம் அவள் போய்விட்டாள். ஆற்றில் தேடினார்கள், பஸ் நிலையத்தில் விசாரித்தார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். என்ன நினைத்து அதை எழுதினீர்கள்?

பள்ளி அலுவலகத்தில் விலாசம் வாங்கினேன். நீங்கள் போனில் பேச மாட்டீர்கள் என்றார்கள்.

இப்படிக்கு,
பம்பரத்தின் அக்கா

*

பிப்ரவரி 12

பம்பரத்தின் அக்காவுக்கு,

நீ என் மாணவி என்பதால் ஒருமையில் எழுதுகிறேன்.

காது கேட்கிறது. போனில் பேசாதது என் விருப்பம். எண்பத்தொரு வயதில் இருபத்தாறு பற்கள் என் சொந்தப் பற்கள். ஆகவே உன் தொழிலாலும் எனக்கு உதவியில்லை.

முப்பத்திரண்டு வருடம் அட்டைகளில் எழுதினேன். பிள்ளைகளின் திறமையைச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் பெயரடைகளை நான் வாய்க்கு வந்தபடி இறைத்தவள் அல்ல. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ‘பிரைட்’ என்றால் சட்டென்று பற்றிக்கொள்ளும் பிள்ளை. ‘ஏபிள்’ என்றால் கொடுத்ததைச் செய்து முடிக்கும் பிள்ளை. ‘கேப்பபிள்’ என்றால் இன்னும் கொடுக்கப்படாததையும் செய்யக்கூடிய பிள்ளை. ‘கிஃப்டட்’ என்ற சொல்லை என் பணிக்காலம் முழுவதிலும் நான்கு பேருக்குத்தான் எழுதினேன். சக ஆசிரியைகள் என்னைக் கஞ்சப்பிசினாரி என்று கேலி செய்தார்கள். சொல் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்ல குணம்.

நான் எழுதியது பாராட்டு. கேட்டவர் அதை வேறாக எடுத்துக்கொண்டால் அது கேட்டவர் பிழை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் உன் தங்கையை எனக்குத் தனியாக நினைவில்லை. இடது கையால் எழுதி, மையை இழுத்து வைக்கும் ஒரு பெண்ணுக்காக இந்த வயதில் என் அகராதியை மாற்றிக்கொள்ள முடியாது.

உன் கடிதத்தில் ஒரு குறை. ‘படித்துச் சொல்லப்பட்டது’ என்று எழுதியிருக்கிறாய். செயப்பாட்டு வினை. செய்தவர் பெயரைச் சொல்ல மனம் இல்லாதபோது மனிதர்கள் அதைப் பயன்படுத்துவார்கள். படித்துச் சொன்னது யார்?

உன் தாயாரின் மறைவுக்கு என் அனுதாபம்.

உன் ஆசிரியை

*

பிப்ரவரி 20

டீச்சருக்கு,

நினைவில்லை என்று எழுதிய அதே பத்தியில் ‘இடது கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அவள் எந்தக் கையால் எழுதுவாள் என்று நான் சொல்லவே இல்லை.

படித்துச் சொன்னது எங்கள் தெரு மருந்துக் கடைக் கம்பவுண்டர். அவர் செத்து இருபது வருடமாகிறது. அந்தச் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா கார்டை நீட்டினார்.

“இங்க என்ன எழுதியிருக்கு?”

“எதுக்கும் துணிஞ்சவன்னு எழுதியிருக்கு.”

“யாரு, அந்த டீச்சரம்மாவா? அவங்க சும்மா எழுத மாட்டாங்களே.”

பம்பரம் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். “அப்பா, அது பாராட்டுப்பா! நான் என்ன வேணும்னாலும் செய்வேன்னு அர்த்தம்!”

“அதைத்தான்டி நானும் சொல்றேன்” என்றார் அப்பா.

நான் சிரித்தேன் டீச்சர். சிரிப்பாகத்தான் இருந்தது. வெளியூர்ப் பேச்சுப் போட்டிக்கு வீட்டில் சொல்லாமல் அவள் பெயர் கொடுத்திருந்தது அந்த வாரம்தான் அப்பாவுக்குத் தெரியவந்தது. அதோடு இது சேர்ந்துகொண்டது. சாகும்வரை அப்பா அவளைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. ‘எதுக்கும் துணிஞ்சவ’ என்பார். அதுவே பெயராகிவிட்டது.

இன்னொன்று. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற ஆள் போன வாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் போன அன்று சுவரில் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தாள். அப்பாவின் பார்சல் ஆபீஸ் பென்சில், ஈரம் பட்டால் ஊதாவாகும் அல்லவா, அதால் எழுதியது. அப்பா அதன்மேல் மூன்று முறை சுண்ணாம்பு அடித்தார். ஒவ்வொரு மழைக்கும் ஊதாவாக மேலே வந்துவிடும். இப்போதும் வந்திருக்கிறது. “என்னக்கா, உங்க வீட்டுச் சுவர் மறக்க மாட்டேங்குது” என்கிறார் அந்த ஆள்.

ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘தி டோர் வாஸ் லாக்ட், பட் ஷி குட் கெட் அவுட்.’ அதில் ‘குட்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘வாஸ் ஏபிள் டு’ என்று எழுதியிருக்கிறாள். வார்த்தைக்கு அர்த்தம் தெரிகிறது. ஏன் அந்த வாக்கியம், ஏன் அந்தத் திருத்தம் என்பது மட்டும் நாற்பத்தோரு வருடமாகத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

பம்பரத்தின் அக்கா

*

மார்ச் 9

பம்பரத்தின் அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதிலை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நான் வரைவு எழுதிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவள்.

தெரியும். அது என் வாக்கியம்.

மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். இடது உள்ளங்கையின் ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும். நினைவில்லை என்று நான் எழுதியது பொய்.

அன்று திறமையைச் சொல்லும் சொற்கள் பாடம். தலைமைக் கன்னியாஸ்திரி பாடம் கேட்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கரும்பலகையில் அந்த வாக்கியத்தை எழுதினேன்: கதவு பூட்டியிருந்தது, ஆனால் அவளால் வெளியே வர முடியும். ‘குட்’ என்று எழுதினேன். அவசரமோ, பின்னால் உட்கார்ந்திருந்தவரின் பார்வையோ, தெரியாது. அது பிழை. ஒருத்தியிடம் பொதுவாக இருக்கும் திறமைக்குத்தான் ‘குட்’ வரும். ஒரே ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட நாளில், ஒன்றைச் செய்தே முடித்தாள் என்றால் ‘வாஸ் ஏபிள் டு.’ தமிழில் முடியும் என்பதற்கும் முடிந்தது என்பதற்கும் உள்ள தூரம். முந்தின வாரம் நானே நடத்தியதுதான்.

உன் தங்கை எழுந்தாள்.

“மிஸ், அது ‘வாஸ் ஏபிள் டு’ இல்லையா? நீங்கதானே சொன்னீங்க, முடியும்னா மட்டும் கதவு திறந்துடாதுன்னு.”

வகுப்பு சிரித்தது. பின் வரிசையில் கன்னியாஸ்திரியும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள், ஒரு காலில், நீ சொன்ன பம்பரம் போலவே. நான் பலகையைத் துடைத்தேன். “உட்கார்” என்றேன். சரி என்றோ தவறு என்றோ சொல்லவில்லை.

அன்று மாலை அட்டைகள் எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு உரிய சொல் ‘கிஃப்டட்.’ எனக்கு அது தெரியும். அது ஐந்தாவது முறையாக இருந்திருக்கும். நான் ‘கேப்பபிள்’ என்று எழுதினேன். பேனாவை எடுக்காமல் ‘ஆஃப் எனிதிங்’ என்று சேர்த்தேன். அந்தத் தொடருக்கு இரண்டு முகம் உண்டு. எதையும் சாதிப்பாள் என்பது ஒன்று. எந்தக் காரியத்துக்கும் கூசமாட்டாள் என்பது மற்றொன்று. குற்றவாளிகளைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். இரண்டும் தெரிந்துதான் எழுதினேன். யாரும் கேட்டால் முதல் முகத்தைக் காட்டலாம் என்று இருந்தேன். முற்றுப்புள்ளி ஏன் அட்டையைக் குத்தியது என்று இப்போது உனக்குப் புரியும்.

அதன்பின் அந்தப் பாடத்தை நான் நடத்தவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த வாரம் வேறொரு ஆசிரியையிடம் வகுப்பைக் கொடுத்துவிடுவேன். அவளைப் பூட்டி வைத்திருந்த செய்தி பள்ளிவரை வந்தது; அன்றிலிருந்து என் வீட்டில் உள் அறைகள் எதற்கும் தாழ்ப்பாள் போடுவதில்லை. “திருடனுக்கு வழிகாட்டிப் பலகையும் வெச்சிடேன்” என்பார் என் கணவர். காரணத்தை அவர் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணை மூடினால் சாக்பீஸ் கிறீச்சிடும் சத்தம் கேட்கிறது. இருபத்து மூன்று வருடம் முன்பு பணி ஓய்வு பெற்றேன். இந்த வீட்டில் சாக்பீஸ் கிடையாது.

இதை ஒப்புக்கொண்டதால் நான் உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. என் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘எதையும் செய்யக்கூடியவள்’ என்றுதான் வரும். அதில் இரண்டு முகமும் இருக்கும், உன் அப்பா எதை வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். ‘துணிந்தவள்’ என்ற சொல் என் வாக்கியத்தில் இல்லை. அது ஒரே முகம். அதை ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். மருந்துச் சீட்டு படிக்கும் கம்பவுண்டருக்கு அவ்வளவு நுட்பம் இருந்திருக்காது. என்னிடம் படித்த ஒருத்திக்கு இருந்திருக்கும்.

இன்னொரு கேள்வி. அந்த எழுத்து எந்தச் சுவரில் இருக்கிறது? கதவுக்கு உள்ளேயா, வெளியேயா?

உன் ஆசிரியை

*

மார்ச் 21

டீச்சருக்கு,

கம்பவுண்டர் அன்று வீட்டுக்கு வரவே இல்லை. கார்டை அப்பா என்னிடம்தான் நீட்டினார். “என்னடி எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

எனக்கு அர்த்தம் தெரியும். அவள் பள்ளியிலேயே கார்டை என்னிடம் காட்டியிருந்தாள்; நூலகத்தில் அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். உங்கள் அகராதி, டீச்சர், நீங்கள் அட்டை போட்டுக் கொடுத்தது. இரண்டு முகமும் அதில் இருந்தது. ‘செய்யக்கூடியவள்’ என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் உள்ளே பாடிக்கொண்டே தலை வாரிக்கொண்டிருந்தாள். என் கார்டு மேஜையில் கிடந்தது. அதை அப்பா என்னவென்றுகூடக் கேட்கவில்லை. ஐந்து வருடமாக அதே சொல்தானே.

“எதுக்கும் துணிஞ்சவன்னு எழுதியிருக்குப்பா” என்றேன்.

நான்கு நாள் திட்டு விழும், பேச்சுப் போட்டி போய்விடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பதினோரு வாரம் சாப்பாட்டுத் தட்டை நான்தான் மாடிக்குக் கொண்டுபோனேன். அவள் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை, ஏன் அப்படிப் படித்தாய் என்று. அது பாராட்டு என்று அவள் கத்தியபோது நான் சிரித்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. இல்லாவிட்டால் அந்தக் கார்டை ஏன் என் கண்ணில் படாமல் வைத்திருந்தாள்?

மறுநாள் அவளை அத்தை ஊருக்கு அனுப்புவதாக இருந்தது. மத்தியானம் அப்பா படுத்திருந்தார். நான் மாடிப்படி ஏறித் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினேன். கதவைத் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். படியில் காலடி கேட்டது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். ஏன் நிற்கிறாள், போயேன், போயேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டிரண்டு படியாக இறங்கிவிட்டாள்.

அவள் ஆற்றுக்குப் போயிருந்தால் நான்தான் அனுப்பினேன். அதனால்தான் நாற்பத்தோரு வருடமும் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: எழுத்து வெளியே இருக்கிறது. மாடிப்படிச் சுவரில், ஏழாவது படிக்கு நேராக. அப்பாவின் பென்சில் அங்கே ஆணியில் கயிறு கட்டித் தொங்கும். உள்ளே அவளிடம் பென்சிலே இல்லை. அப்பா எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார். இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

கார்டை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் கையால் திருத்தி அனுப்புங்கள். முதல் தேதி வீடு வாங்குகிறவர்கள் வருகிறார்கள். எழுத்து மேலே வராமல் இருக்க எண்ணெய்ப் பூச்சு அடித்துவிடலாம் என்கிறார் சுண்ணாம்புக்காரர். அடிக்கச் சொல்லட்டுமா?

அக்கா

*

மார்ச் 27

அக்காவுக்கு,

முதலில் உன் கடிதத்துக்கு என் பாக்கி.

உன் தந்தை பள்ளிக்கு வந்தார். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவர் என் வகுப்பு வாசலில் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “டீச்சரம்மா, நீங்க எழுதினது நிஜந்தானா? நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா?” என்று கேட்டார். என் வாக்கியத்தை ஒருவர் சந்தேகப்படுவதா என்று எனக்குக் கோபம். “நான் எழுதினதுல பிழை இருக்காது” என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டு வந்திருக்கிறார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆகவே துணிந்தவள் என்ற சொல்லைத் தேடி எடுத்தது நீ. முத்திரை குத்தியது நான். உன் வயது பதினாறு, என் வயது நாற்பது. இதில் யார் பங்கு பெரிது என்று உனக்கு நான் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது அந்தச் சுவர்.

சான்று இல்லாததை எழுத மாட்டேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்றோ, இல்லை என்றோ சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உனக்கு ஆறுதல் வேண்டுமானால் வேறு யாரிடமாவது கேள். நான் வாக்கியத்தை மட்டும் படிக்கத் தெரிந்தவள்.

படித்தேன். கதவுக்கு வெளியே, ஏழாவது படியில், வெளியில் தொங்கிய பென்சிலால் எழுதியிருக்கிறாள். வெளியே வந்த பிறகுதான் எழுதியிருக்க முடியும். தப்பித்து ஓடுகிற நேரத்தில் ஒரு நிமிடம் நின்று, முதலில் என் பிழையை நான் எழுதியபடியே எழுதி, பிறகு அதை அடித்துத் திருத்தியிருக்கிறாள். நான் சரி என்றும் சொல்லாமல் தவறு என்றும் சொல்லாமல் துடைத்த வாக்கியம். அதை அவள் முடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

குழாய்ச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். தாழ்ப்பாள் தானாக நீங்காது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். அந்த வாக்கியத்தை அவள் யாருக்காக எழுதினாள் என்பதை நீயே படித்துக்கொள்.

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். சிவப்பு மை எடுத்தேன், பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நான் எழுதியதை அடிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும். அதன் கீழே இன்றைய தேதியிட்டு, அவள் என் வாக்கியத்தைத் திருத்தினாள், திருத்தமே சரி என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். எண்பத்தொரு வயதுக் கையெழுத்து. கோணலாக இருக்கும்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஹார்ட் வொர்க்கிங்’ என்று ஐந்து வருடம் எழுதியது உன்னை எடை போட்டு அல்ல. ஒரு நாளும் உன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். சோம்பல் என்னுடையது.

சுவர் உன்னுடையது. பூச்சு அடிப்பதும் விடுவதும் உன் விருப்பம்.

முற்றுப்புள்ளி

*

ஏப்ரல் 2

டீச்சருக்கு,

கார்டு வந்தது. கோணல் இல்லை.

நேற்று வீடு வாங்குகிறவர் குடும்பத்தோடு வந்தார். பூச்சு அடிக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது அவர் ஏழாவது படியில் நின்றுவிட்டார். காலையில் மழை பெய்திருந்ததால் ஊதா பளிச்சென்று இருந்தது. அவருக்குப் பின்னால் அவருடைய மகள், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், இரண்டிரண்டு படியாக ஏறி வந்துகொண்டிருந்தாள்.

“எனக்கு இங்கிலீஷ் வராதும்மா” என்றார் அவர். “என்ன எழுதியிருக்கு?”

அதே கேள்வி. அவரைப் பார்த்தேன், அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டேன். விரலில் ஊதா ஒட்டியது.

அவசரப்படாமல், ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் படித்துச் சொன்னேன்:

“கதவு பூட்டியிருந்தது. ஆனாலும் அவளால வெளியே வர முடிஞ்சுது.”

அக்கா